ஒத்திக்கு வீடு எடுக்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மதுரைப் பக்கம் ஒத்தி, சென்னையில் லீசு, வேறு சில ஊர்களில் போக்கியம். எப்படிச் சொன்னாலும் ஏற்பாடு ஒன்றுதான். மொத்தமாக ஐந்து லட்சமோ பத்து லட்சமோ வீட்டு ஓனரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலம் முடிந்ததும் கொடுத்த பணத்தை வட்டியில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டு காலி செய்வது. ஊரில் இடம் விற்ற பணமோ, ஓய்வு பெறும்போது வந்த பணமோ கையில் இருக்கிற குடும்பங்கள் இதைத் தேடிப் போகின்றன. நாங்களும் அப்படித்தான் போனோம். வீடு சுலபமாகக் கிடைத்தது. பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சலில் வக்கீல், பத்திர எழுத்தர், வங்கியில் வேலை பார்க்கும் உறவினர் என்று பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இதில் சொல்லும் கட்டணங்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்திக்குப் போகிறவர் வெறும் குடித்தனக்காரர் அல்ல, கடன் கொடுப்பவர். வீட்டை அடமானமாகப் பிடித்துக்கொண்டு கடன் தருகிறீர்கள். வட்டிக்குப் பதிலாக அதில் குடியிருக்கிறீர்கள். ஆகவே தண்ணீர் வருமா, காற்று வருமா என்று கேட்பதோடு, வங்கி மேலாளர் கேட்கிற கேள்விகளையும் நீங்கள் கேட்டாக வேண்டும்.

1. முதலில் கணக்குப் போடுங்கள்

பத்து லட்சம் ரூபாய் ஒத்தி என்று வைத்துக்கொள்வோம். அதே பணத்தை 7% வட்டிக்கு வைப்புத்தொகையில் போட்டால் வருடத்துக்கு 70,000, மாதத்துக்கு ஏறக்குறைய 5,800 ரூபாய் வரும். அதற்கும் வருமான வரி உண்டு. அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் வாடகை 9,000 என்றால், ஒத்தியில் மாதம் 3,200 ரூபாய் மிச்சம்.

இதிலிருந்து பத்திரப் பதிவுச் செலவைக் கழிக்க வேண்டும். முறையாகப் பதிவு செய்தால் பத்து லட்சத்துக்கு 50,000 ரூபாய் வரை ஆகும். விவரம் ஐந்தாவது படியில். முழுவதும் நீங்களே ஏற்றால், மூன்று வருடத்துக்கு மாதம் 1,400 ரூபாய் கணக்கில் சேரும். அப்போதும் லாபம்தான். ஒரே வருடத்துக்கு என்றால் மாதம் 4,000 தாண்டும், கையைக் கடிக்கும். அதனால் ஒரு வருட ஒத்திக்குப் போகாதீர்கள். மூன்று வருடம் என்று பேசுங்கள்.

அப்புறம், ஓனர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாதம் 9,000 வாடகையை விட்டுக்கொடுத்துப் பத்து லட்சம் வாங்குகிறார் என்றால், அவர் கொடுக்கும் வட்டி வருடத்துக்கு 10.8%. நியாயமான கணக்கு. ஆனால் மாதம் 18,000 வாடகை வரக்கூடிய வீட்டைப் பத்து லட்சத்துக்கு ஒத்தி விடுகிறேன் என்று ஒருவர் வந்தால், அவர் 21.6% வட்டி கொடுக்கத் தயாராக இருக்கிறார். வங்கியில் இதைவிட மிகக் குறைந்த வட்டிக்குச் சொத்தின் மேல் கடன் கிடைக்குமே, ஏன் போகவில்லை? பெரும்பாலும் வங்கி மறுத்திருக்கும், அல்லது ஏற்கெனவே வாங்கியிருப்பார். "நல்ல வீடு, சல்லிசா வருது" என்று புரோக்கர் சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

2. ஓனரை நேரில் பாருங்கள்

பெரிய நகரங்களில் நடக்கிற ஒரு மோசடி இது. இடையில் இருக்கும் ஆள் ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுப்பார். அதே வீட்டை உங்களிடம் லீசுக்கு விட்டு எட்டு லட்சம் வாங்கிக்கொள்வார். சில மாதங்கள் ஓனருக்கு வாடகை ஒழுங்காகப் போகும். பிறகு நின்றுவிடும். ஓனர் உங்கள் கதவைத் தட்டி வாடகை கேட்பார். நீங்கள் எட்டு லட்சம் கொடுத்தேன் என்பீர்கள். இருவரும் சொல்வது உண்மை. பணத்தோடு நடுவில் இருந்த ஆள் போய்விட்டிருப்பார்.

ஆகவே தாய்ப்பத்திரத்தில், அதாவது வீடு இப்போதைய ஓனருக்கு வந்ததைக் காட்டும் மூலப் பத்திரத்தில், யார் பெயர் இருக்கிறதோ அவரோடு நேரில் பேசாமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். பல பேர் பெயரில் இருந்தால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பெயரில் இருந்து அவர் இறந்துவிட்டார் என்றால், வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் வர வேண்டும். "அக்கா கல்யாணமாகிப் போயாச்சு, அவங்க கையெழுத்து எதுக்கு" என்று சொல்வார்கள். வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் ஓனருக்காக வேறொருவர் பவர் பத்திரத்தோடு வந்தால், அது பதிவானதா, அடமானம் வைக்க அதிகாரம் கொடுத்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். வீட்டைப் பராமரிக்க, வாடகைக்கு விட என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். அவர் இறந்த நாளோடு பவர் முடிந்துவிடும். வீடியோ அழைப்பில் ஒரு தடவை பேசிவிடுங்கள்.

3. பார்க்க வேண்டிய பத்திரங்கள்

நகல் எல்லாவற்றையும் வாங்கி ஒரு வக்கீலிடம் கொடுத்து, கருத்துரை எழுதி வாங்குங்கள். சொத்து வழக்குகள் பார்க்கிற வக்கீலாக இருக்கட்டும். ஊரையும் வக்கீலையும் பொறுத்துச் சில ஆயிரம் ஆகும். பத்து லட்சம் கொடுக்கப் போகிறவர் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

தாய்ப்பத்திரத்தின் அசலை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் காட்டி "அசல் லாக்கர்ல இருக்கு" என்றால், லாக்கரிலிருந்து எடுத்து வரட்டும், காத்திருக்கலாம். பல சமயம் அது வங்கியில் இருக்கும்.

வில்லங்கச் சான்று, அதாவது ஈசி, குறைந்தது 30 வருடத்துக்கு. பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் கட்டணம் கட்டிக் கையொப்பமிட்ட சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். சர்வே எண், மனை எண், கிராமம் எல்லாம் தாய்ப்பத்திரத்தில் உள்ளபடியே கொடுங்கள். உட்பிரிவு எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் "வில்லங்கம் இல்லை" என்று சுத்தமாக வந்து நிற்கும். பழைய சர்வே எண், புதிய எண் இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் போட்டுப் பாருங்கள்.

ஈசியில் அடமானம், கிரய ஒப்பந்தம், நீதிமன்ற ஜப்தி இவற்றைத் தேடுங்கள். ஒவ்வொரு அடமானத்துக்கும் எதிராக, கடன் தீர்ந்துவிட்டது என்று காட்டும் ஒரு ரசீது ஆவணம் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கடன் இன்னும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிரய ஒப்பந்தம் போட்டு ரத்து செய்யாமல் விட்டிருந்தால், அது வேறு தலைவலி.

பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், அரசு இணையதளத்தில் எடுக்கலாம். பத்திரத்தில் உள்ள பெயர் அதில் இருக்கிறதா பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் தனித்தனிப் பட்டா பெரும்பாலும் இருக்காது. அங்கே பிரிக்கப்படாத நிலப்பங்கு பத்திரத்தில் சரியாக எழுதியிருக்கிறதா என்று வக்கீல் பார்ப்பார்.

கடைசியாகச் சொத்து வரி ரசீது, குடிநீர் வரி ரசீது, மின் இணைப்பு எண். மூன்றிலும் பாக்கி இருக்கிறதா என்று இணையத்திலேயே தெரிந்துவிடும். குடியிருப்பு சங்கம் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பராமரிப்புக் கட்டணம் வருடக் கணக்கில் கட்டாத ஓனர் உங்கள் பணத்தை மட்டும் ஒழுங்காகத் திருப்புவார் என்று எப்படி நம்புவது?

4. வங்கிக் கடன் இருந்தால்

ஒத்திக்கு வரும் வீடுகளில் வீட்டுக் கடன் உள்ளவை நிறைய. உங்களுக்கு முன்பே வங்கியில் அடமானம் இருந்தால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. ஓனர் தவணை கட்டாமல் விட்டால், 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி நீதிமன்ற வழக்கு இல்லாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். உங்களிடம் இருக்கும் ஒத்திப் பத்திரத்தைக் காட்டினாலும் பெரிதாகப் பயன் இருக்காது. ஒத்திப் பணம் கொடுத்த நீங்கள் ஒரு தனிநபர் என்பதால் அந்தச் சட்டம் உங்களுக்கு எந்த அதிகாரமும் தருவதில்லை. உங்களுக்கு சிவில் நீதிமன்றம்தான்.

வங்கி அடமானம் பெரும்பாலும் ஈசியில் தெரியும். ஆனால் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பதிவு செய்யாமல் விட்ட பழைய கடன்கள் தெரியாமல் போகலாம். அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள் என்று மேலே சொன்னது அதற்காகத்தான். செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் சிறு கட்டணத்துக்குத் தேடிப் பார்க்கலாம்.

"உங்க பணத்தை வச்சுத்தான் பேங்க் கடனை அடைக்கப் போறேன்" என்று ஓனர் சொன்னால் அதில் தப்பில்லை. ஆனால் பணம் அவர் கைக்குப் போகக் கூடாது. வங்கியிடம் நிலுவைக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தொகையை அவருடைய கடன் கணக்குக்கே நீங்கள் நேரடியாகக் கட்டுங்கள். அப்படிக் கட்டும் பணத்துக்கு ஓனரிடம் அன்றைக்கே எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். கடன் முடிந்ததும் அசல் பத்திரத்தை 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு; 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. வங்கி ரசீது பதிவான பிறகுதான் உங்கள் ஒத்திப் பத்திரம். இந்த இடைவெளியில் நீங்கள் பாதுகாப்பில்லாமல் இருப்பீர்கள் என்பதால், நிலுவைத் தொகை உங்கள் ஒத்திப் பணத்தில் பெரும்பகுதி என்றால் அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

5. எந்தப் பத்திரம், எவ்வளவு செலவு

ஊரில் பாதிப் பேர் 100 ரூபாய் முத்திரைத்தாளில் "11 மாத ஒப்பந்தம்" எழுதிக்கொண்டு பத்து லட்சத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய குழி. 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள தொகைக்குச் சுவாதீனத்தோடு, அதாவது வீட்டைக் கையில் ஒப்படைத்து, அடமானம் என்றால் அதைப் பதிவு செய்தாக வேண்டும். இரண்டு சாட்சிகளும் வேண்டும். பதிவாகாத தாளை வைத்து அந்த வீட்டின் மேல் உங்களுக்கு அடமான உரிமை இருக்கிறது என்று நிரூபிக்க முடியாது. பணம் கொடுத்ததை மட்டும் காட்டிச் சாதாரணக் கடனாக மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அதற்குள் வீட்டை விற்றிருந்தால், வாங்கியவரிடம் நீங்கள் எதுவும் கேட்க முடியாது.

பதிவு செய்ய இரண்டு வழி உண்டு.

சுவாதீன அடமானம், அதாவது முறையான ஒத்திப் பத்திரம்: ஒத்தித் தொகையில் 4% முத்திரைத் தீர்வை, 1% பதிவுக் கட்டணம். பத்து லட்சத்துக்கு 40,000 + 10,000 = 50,000.

குத்தகைப் பத்திரம், அதாவது லீசு: 30 வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்கு வாடகை, முன்பணம் எல்லாம் சேர்ந்த தொகையில் 1% தீர்வை, 1% பதிவுக் கட்டணம், பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 20,000. பத்து லட்சத்துக்கு 20,000 ரூபாயில் முடியும். இதோடு வாடகை ஆணையத்திலும் ஒப்பந்தத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்; 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது முதல் இது கட்டாயம்.

30,000 ரூபாய் வித்தியாசம் என்றதும் எல்லோரும் லீசு பக்கம் சாய்வார்கள். ஆனால் லீசில் நீங்கள் குத்தகைதாரர், உங்கள் பத்து லட்சம் வெறும் முன்பணம். ஒத்தியில் அந்தப் பணம் வீட்டின் மேலேயே கட்டப்பட்டிருக்கும். வீடு யார் கைக்குப் போனாலும் கூடவே போகும். தவிர, வாடகையே இல்லாமல் முழுத்தொகையும் திரும்பத் தரப்படும் என்று எழுதியிருந்தால், "இது லீசு இல்லை, சுவாதீன அடமானம்" என்று சார்பதிவாளர் 4% கேட்கவும் கூடும். தொகை சிறியது, ஓனரைப் பல வருடமாகத் தெரியும் என்றால் லீசு போதும். மற்றபடி ஒத்தியாகவே பதியுங்கள்.

செலவு யாருடையது? வேறு பேச்சு இல்லாவிட்டால், அடமானப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை கொடுக்க வேண்டியவர் அதை எழுதிக் கொடுப்பவர், அதாவது ஓனர். நடைமுறையில் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சரிபாதி என்று பேசி முடியுங்கள். பத்திர எழுத்தர் கூலி, புரோக்கர் கமிஷன் தனி. புரோக்கரிடம் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே தொகையைப் பேசிவிடுங்கள்; வீடு பிடித்த பிறகு பேரம் படியாது.

"பதிவு பண்ணா ஈசியில ஏறிடும், அப்புறம் எனக்குக் கடன் கிடைக்காது" என்று ஓனர் இழுப்பார். ஈசியில் ஏறினால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. அதற்குச் சம்மதிக்காதவரின் வீடு வேண்டாம்.

6. பத்திரத்தில் இருக்க வேண்டிய வரிகள்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். பத்திர எழுத்தரின் கணினியில் உள்ள மாதிரியில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அடித்துக் கொடுப்பார்கள். அதை வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து படியுங்கள், வக்கீலிடமும் காட்டுங்கள்.

முதலாவது, திருப்பித் தரும் உறுதிமொழி. வெறும் ஒத்தி என்றால், பணம் வரும் வரை நீங்கள் வீட்டை விடாமல் இருக்கலாம், அவ்வளவுதான். 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி, சுவாதீனம் மட்டும் பெற்ற அடமானதாரர் வீட்டை விற்றுப் பணம் கொடுங்கள் என்று வழக்குப் போட முடியாது. ஓனருக்கு அவசரம் இல்லையென்றால் நீங்கள் வருடக் கணக்கில் அந்த வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆகவே "இன்ன தேதிக்குள் தொகையைத் திருப்பித் தர நான் சொந்தப் பொறுப்பில் கட்டுப்பட்டவன், தவறினால் நீதிமன்றம் மூலம் சொத்தை விற்றுத் தொகையை வசூலித்துக்கொள்ளலாம்" என்ற பொருளில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். பல மாதிரிப் பத்திரங்களில் இது இருப்பதில்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் வக்கீல் செலவே.

இரண்டாவது, அறிவிப்புக் காலம். காலி செய்யவோ காலி செய்யச் சொல்லவோ மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் பொதுவாக எழுதுங்கள்.

மூன்றாவது, நீங்கள் வேலை மாற்றலாகிப் போக நேர்ந்து, பணம் வரத் தாமதமானால் என்ன? வீட்டை உங்கள் சார்பில் வேறொருவருக்கு வாடகைக்கு விடவோ, ஒத்தியை மாற்றிக் கொடுக்கவோ உரிமை உண்டு என்று எழுதினால் கை கட்டப்படாது.

நான்காவது, சொத்து வரி. எழுதாமல் விட்டால், சுவாதீனத்தில் இருக்கிற உங்கள் பொறுப்பாக அது வந்து விழ வழியுண்டு. சொத்து வரி, பெரிய பழுது, மோட்டார் மாற்றுவது ஓனர் செலவு. மின் கட்டணம், சில்லறைப் பழுது, மாதப் பராமரிப்பு உங்கள் செலவு என்று பிரித்து எழுதுங்கள்.

அசல் தாய்ப்பத்திரம் ஒத்தி முடியும் வரை உங்களிடம் இருக்கும் என்பதையும் சேருங்கள். கொடுக்க ஓனர் தயங்கினால் கொஞ்சம் வற்புறுத்துங்கள். அசல் கையில் இல்லாமல் அவர் இன்னொரு இடத்தில் கடன் வாங்குவது கஷ்டம்.

7. பணம் கொடுக்கும் விதம்

ரொக்கம் வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக ரொக்கத்தில் வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் தடை; வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே விதி. இரண்டு அபராதமும் ஓனருக்குத்தான் என்பதை அவரிடமே சொல்லுங்கள், உடனே வங்கிக் கணக்கு எண் கொடுப்பார்.

பத்திரத்தில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள். மகன் கணக்கு, கடை கணக்கு வேண்டாம். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் சிறிய தொகையாக, அதுவும் வங்கி வழியாக, பத்திரங்கள் சரியில்லை என்றால் திரும்பத் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு. மீதி முழுவதும் பதிவு நாளன்று வரைவோலையாகவோ ஆர்டிஜிஎஸ் மூலமாகவோ. பரிவர்த்தனை எண், தேதி, வங்கி, கிளை எல்லாம் பத்திரத்துக்குள் வர வேண்டும். "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று பழைய மாதிரியில் இருக்கும் வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

தொகையைக் குறைத்து எழுதித் தீர்வையை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பத்து கொடுத்து ஐந்து என்று எழுதினால், பத்திரம் காப்பாற்றுவது ஐந்தை மட்டும்தான்.

8. பதிவு நாள்

சொத்து இருக்கும் எல்லைக்கு உட்பட்ட சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இணையத்தில் டோக்கன் போட வேண்டும். முகூர்த்த நாட்களில் கூட்டம் அதிகம். அரசு கூடுதல் டோக்கன் கொடுத்தாலும் மத்தியானம் வரை நிற்க நேரிடும். நாள் நட்சத்திரம் பார்க்காதவர் என்றால் சாதாரண நாளில் போய்விடுங்கள். ஆடி, மார்கழியில் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் அந்த மாதங்களில் வீட்டுக்கும் பேரம் நன்றாகப் படியும்.

இரண்டு தரப்பும் இரண்டு சாட்சிகளும் ஆதார் அட்டையோடு வர வேண்டும். பான் அட்டையையும் எடுத்துப் போங்கள். ஒரு சாட்சி உங்கள் ஆளாக இருக்கட்டும். கிளம்பும் முன் அன்றைய தேதி வரைக்கும் ஈசியை இன்னொரு தடவை பாருங்கள். நீங்கள் முதலில் பார்த்ததற்கும் இன்றைக்கும் நடுவில் ஏதாவது ஏறியிருக்கலாம். சாவி கைக்கு வரும் அன்றே மின் அளவியைப் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். சுவர், குழாய், கதவு இவற்றையும்.

வீடு பார்த்ததிலிருந்து சாவி வாங்கும் வரை மூன்று நான்கு வாரம் பிடிக்கும். வங்கிக் கடன் அடைக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். "நாளைக்கே இன்னொரு பார்ட்டி வருது" என்று அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டியே எடுத்துக்கொள்ளட்டும்.

9. குடியிருக்கும்போது

பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஈசி பாருங்கள். ஓனர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் பெயரையும் முகவரியையும் வாங்கி வையுங்கள்; கடன் சொத்தோடு அவர்களுக்கும் போகும். உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்குப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். வீட்டின் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டினால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்; கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக நாள் குறைவாகத்தான் இருக்கும்.

10. பணத்தைத் திரும்ப வாங்குவது

எல்லாப் பிரச்சினையும் இங்கேதான். ஓனர் உங்கள் பணத்தைச் செலவழித்திருப்பார். வேறு மனை வாங்கியிருப்பார், மகள் கல்யாணம் முடித்திருப்பார். "அடுத்த ஆள் வரட்டும், அவங்க பணத்தை வாங்கித் தர்றேன்" என்பார். எங்களுக்கும் இதே பதில்தான், மாதக் கணக்கில். அடுத்த ஆளோ, "நீங்க காலி பண்ணினாத்தான் பணம்" என்பார்.

நாள் முடிய நான்கு மாதம் இருக்கும்போதே வாய்மொழியாகச் சொல்லி, மூன்று மாதம் இருக்கும்போது ஒப்புகையோடு தபாலில் எழுத்தாக அனுப்புங்கள். வாட்ஸ்ஆப் செய்தியும் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். புது ஆள் வந்து வீடு பார்க்கக் கேட்டால் தாராளமாகக் காட்டுங்கள். அவர் வந்தால்தான் உங்களுக்கும் பணம்.

காலி செய்யும் நாளைச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். புது ஆள் அல்லது ஓனர் வரைவோலையோடு வருவார், நீங்கள் ரசீது ஆவணத்தில் கையெழுத்துப் போட்டு ஒத்தி தீர்ந்ததை ஈசியில் ஏற்றுவீர்கள், அசல் பத்திரமும் சாவியும் கைமாறும். காசோலை வாங்காதீர்கள், வாங்கினால், கணக்கில் பணம் வந்த பிறகே ரசீது, சாவி இரண்டும். பாதிப் பணம் இப்போது, மீதி அடுத்த மாதம் என்றால், சாமான்களை எடுத்துக்கொண்டு போனாலும் ஓர் அறையையாவது பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள். சுவாதீனம் போனால் உங்கள் பிடி போய்விடும். வெள்ளையடிப்பு, பழுது என்று அன்றைக்குப் பிடித்தம் பேச ஆரம்பிப்பார்கள். சாவி வாங்கிய நாளில் எடுத்த படங்கள் அப்போது உதவும்.

கடைசிவரை தரவில்லை என்றால், வக்கீல் நோட்டீஸ், பிறகு அடமான வழக்கு. உறுதிமொழி வரியோடு பதிவான பத்திரம் இருந்தால், தொகை தர வேண்டிய தேதியிலிருந்து 12 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3%, பத்து லட்சத்துக்கு 30,000. முதலில் ஆரம்பத் தீர்ப்பு வந்து, பணம் கட்ட ஓனருக்கு அவகாசம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு இறுதித் தீர்ப்பு, ஏலம். வருடங்கள் ஆகும், அதுவரை நீங்கள் வாடகையில்லாமல் அந்த வீட்டில் இருக்கலாம். பெரும்பாலான ஓனர்கள் நோட்டீஸ் கிடைத்ததும், வீடு ஏலத்துக்குப் போகலாம் என்று வக்கீல் சொன்னதும், எங்காவது புரட்டிக் கொண்டுவந்துவிடுவார்கள்.

ரசீது பதிவான பிறகு அதன் நகல் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பெரிய தொகை வந்ததே என்று வருமான வரித்துறை கேட்டால், ஒத்திப் பத்திரத்தையும் அந்த ரசீதையும் காட்டினால் போதும்.